வழி சொன்னவர்கள்

ஒவ்வோர் ஆண்டும் முதலாமாண்டு மாணவர்களுக்கு ஆற்றுப்படை நூல்களை அறிமுகம் செய்யும் வகுப்பு எனக்கு வாய்க்கும். வள்ளல் ஒருவனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு பாணனைக் கண்டு, இந்த வழியே போ, இன்னாரிடம் போ, உனக்கும் கிடைக்கும் என்று சொல்வதுதான் அந்நூல்களின் அமைப்பு. சில ஆண்டுகளுக்கு முன் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து கேட்டான். "பரிசு வாங்கினவன் பேசாம வீட்டுக்குப் போயிருக்கலாமே சார். போட்டிக்கு இன்னொருத்தனை எதுக்கு அனுப்பி வைக்கான்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, வள்ளலின் புகழைப் பரப்புவது புலவர் மரபு என்று பாடநூல் விடையைச் சொன்னேன். அவன் உட்கார்ந்துகொண்டான். ஆனால் அந்த விடையில் அவனுக்கும் நிறைவில்லை, எனக்கும் இல்லை. முந்தைய இரவுதான் நான் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில், முதலில் வந்து வழியைக் கண்டுபிடித்த இருவர், பின்னால் வருபவர்களின் கண்ணில் படாமல் நழுவிச் செல்வதைப் பார்த்துக் கைதட்டியிருந்தேன்.

அந்த நிகழ்ச்சி 'தி அமேஸிங் ரேஸ்'. ஏறக்குறைய இருபதாண்டுகளாக நான் அதன் ரசிகன். சங்க இலக்கியம் கற்பிப்பவன் இதைச் சொல்லிக்கொள்வதில் சற்றுக் கூச்சம் உண்டு. ஆனால் இந்தப் போட்டியின் பின்னே ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதைத் தேடிப் படிக்கப் படிக்க, மாணவனின் கேள்விக்கான விடையும் அங்கேதான் கிடக்கிறது என்று தோன்றியது. இக்கட்டுரை அந்தத் தேடலின் பதிவு.

*

உலகைச் சுற்றும் பந்தயம் முதலில் நிகழ்ந்தது காகிதத்தில்தான். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் இரு கடற்கரைகளையும் இருப்புப்பாதை இணைத்தது. 1870இல் பம்பாயும் கல்கத்தாவும் ரயிலால் இணைந்தன. உலகம் ஒரு கால அட்டவணைக்குள் வந்துவிட்டது. இதை முதலில் கதையாக்கியவர் ஜூல்ஸ் வெர்ன். 'எண்பது நாட்களில் உலகைச் சுற்றி' என்னும் அவரது நாவல் 1872 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பாரிஸின் 'ல தான்' நாளிதழில் தொடராக வந்தது.

கதாநாயகன் ஃபீலியாஸ் ஃபாக் இருபதாயிரம் பவுன் பந்தயம் கட்டிக் கிளம்புகிறார். அவருக்கு ஊர்களைப் பார்க்கும் ஆர்வமே கிடையாது. கப்பலில் சீட்டாடுகிறார், கரையில் கடிகாரம் பார்க்கிறார். அவருடைய அட்டவணை முதன்முதலாக உடைவது இந்தியாவில். கல்கத்தா வரை போகும் என்று செய்தித்தாள் சொன்ன ரயில் நடுக்காட்டில் நின்றுவிடுகிறது. இன்னும் ஐம்பது மைலுக்குத் தண்டவாளமே போடவில்லை. (மெய்யான பாதை அதற்கு இரண்டாண்டுக்கு முன்பே நிறைவுற்றிருந்தது. இந்த இடைவெளி வெர்னின் கற்பனை.) ஃபாக் இரண்டாயிரம் பவுனுக்கு ஒரு யானையை வாங்குகிறார். யானை கிடைத்தாலும் காட்டு வழி தெரிய வேண்டுமே. ஒரு பார்சி இளைஞன் முன்வந்து யானையை ஓட்டி அலகாபாத்தில் சேர்க்கிறான். வழியில் உடன்கட்டை ஏற்றப்படவிருந்த பெண்ணை மீட்பதற்கும் துணை நிற்கிறான். ஃபாக் அந்த யானையையே அவனுக்குக் கொடுத்துவிட்டு ரயிலேறுகிறார். நாவல் நெடுகிலும் அந்த இளைஞனுக்குப் பெயர் இல்லை. யானைக்குப் பெயர் உண்டு, கியூனி.

பந்தயம் என்னும் வடிவம் பிறக்கும்போதே அதனுள் இந்த ஆளும் பிறந்துவிட்டான். ஓடுபவனின் அட்டவணை தோற்கும் இடத்தில் தோன்றி, வழிகாட்டி, பெயரின்றி மறைபவன்.

*

கதை நிஜமாவதற்குப் பதினேழு ஆண்டுகளே ஆயின. நியூயார்க்கின் 'வேர்ல்ட்' நாளிதழின் செய்தியாளர் நெல்லி ப்ளை 1889 நவம்பர் 14 அன்று ஒரே ஒரு கைப்பையோடு கிழக்கு நோக்கிக் கப்பலேறினார். வெர்னின் எண்பது நாளை முறியடிப்பது நோக்கம். பெண்ணைத் தனியே அனுப்ப முடியாது, அனுப்பினாலும் பெட்டி பெட்டியாகச் சாமான் சேரும் என்று தயங்கிய நிர்வாகத்திடம், வேறோர் ஆணை அனுப்பினால் அதே நாளில் இன்னொரு பத்திரிகைக்காகக் கிளம்பி அவனை வெல்வேன் என்று சொல்லி வாய்ப்பைப் பெற்றவர் அவர்.

அதே நாள் மாலை 'காஸ்மோபாலிட்டன்' இதழ், எலிசபெத் பிஸ்லண்ட் என்னும் தன் எழுத்தாளரைச் சில மணி நேர அவகாசத்தில் எதிர்த்திசையில், மேற்கு நோக்கி அனுப்பியது. தனக்கு ஒரு போட்டியாளர் இருப்பதே ப்ளைக்கு டிசம்பரில் ஹாங்காங் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பிஸ்லண்ட் அந்த ஊரைக் கடந்து போய்விட்டிருந்தார்.

இந்தப் பந்தயத்துக்கு லட்சக்கணக்கான ரசிகர்கள் இருந்தார்கள். ப்ளை எத்தனை நாள், மணி, நிமிடம், விநாடியில் திரும்புவார் என்று ஊகித்து அனுப்பும் போட்டியை 'வேர்ல்ட்' நடத்தியது. கூப்பன்கள் வந்து குவிந்தன. பயணத்தை ஒரு பலகை விளையாட்டாகவும் அச்சிட்டார்கள். பகடை உருட்டி, வீட்டுத் திண்ணையிலிருந்தே சூயஸையும் கொழும்பையும் கடக்கலாம். இரவில் தொலைக்காட்சி முன் அமர்ந்து, இந்த விமானம் பிடிபடுமா என்று நகத்தைக் கடிக்கும் என் போன்றோருக்கு அவர்களே மூதாதையர்.

கொழும்பில் ப்ளை ஐந்து நாட்கள் சிக்கிக்கொண்டார். வரவேண்டிய இன்னொரு கப்பல் வராமல் அவருடைய கப்பல் புறப்படாது. ஆயினும் 1890 ஜனவரி 25 அன்று, 72 நாள், 6 மணி, 11 நிமிடம், 14 விநாடியில் அவர் நியூ ஜெர்சி மண்ணில் கால் வைத்தார். பிஸ்லண்ட் ஐந்து நாள் கழித்து வந்து சேர்ந்தார்.

பிஸ்லண்ட் தோற்ற கதைதான் என்னை உறுத்துவது. ஆசியாவைக் கடந்து ஐரோப்பாவுக்கு வந்துவிட்ட அவருக்காகப் பிரான்சின் லே ஹாவ்ர் துறைமுகத்தில் ஒரு விரைவுக் கப்பல் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஆனால் பாரிஸுக்கு அருகே அவரைச் சந்தித்த பயண முகவர், அக்கப்பல் போய்விட்டது என்றார். அவர் அதை நம்பி இங்கிலாந்துக்கும் அங்கிருந்து அயர்லாந்துக்கும் விரைந்து, குளிர்கால அட்லாண்டிக்கில் ஒரு மெதுவான கப்பலில் ஏறினார். லே ஹாவ்ரில் கப்பல் காத்திருந்தது உண்மை. அந்தத் தவறான வார்த்தை ஏன் சொல்லப்பட்டது என்பது இன்றுவரை துலங்கவில்லை. உலகம் முழுதும் சரியாக வழி சொன்ன எத்தனையோ பேரை வரலாறு குறிக்கவில்லை. தவறாகச் சொன்ன ஒருவர் மட்டும் அதில் நின்றுவிட்டார்.

ப்ளையின் சாதனை சில மாதங்கள்கூட நிலைக்கவில்லை. 1890 மே மாதத்திலேயே ஜார்ஜ் ஃபிரான்சிஸ் ட்ரெய்ன் என்பவர் 67 நாட்களில் சுற்றி முடித்துவிட்டார். வேகத்தின் பெருமை அவ்வளவுதான். இரு பெண்களும் எழுதிய பயண நூல்கள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. இருவருமே பின்னாளில் நிமோனியாவால் இறந்து, நியூயார்க்கின் ஒரே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். அங்கே முந்தியவர், பிந்தியவர் இல்லை.

*

அடுத்து மோட்டார் காரின் காலம். பாரிஸின் 'ல மத்தேன்' நாளிதழ் 1907 ஜனவரி 31 அன்று ஓர் அறைகூவல் விடுத்தது. பீக்கிங்கிலிருந்து பாரிஸுக்குக் காரில் வர யாருக்குத் துணிவு உண்டு? ஜூன் 10 அன்று ஐந்து வண்டிகள் கிளம்பின. இத்தாலிய இளவரசர் ஷிபியோனே போர்கேசே, அவருடைய மெக்கானிக் எத்தோரே குயிட்சார்டி, பத்திரிகையாளர் லூயிஜி பார்ட்சீனி ஆகிய மூவர் வந்த 'ஈத்தாலா' கார் ஆகஸ்ட் 10 அன்று பாரிஸை முதலாவதாக அடைந்தது.

மோட்டார் யுகத்தின் வெற்றி என்று இதைச் சொல்வார்கள். பயணத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். பீக்கிங்குக்கு வடக்கே மலைப்பாதையில் கார் ஓடவே இல்லை. சீனக் கூலியாட்களும் கோவேறு கழுதைகளும் கயிறு கட்டி அதை மலை மீது இழுத்தார்கள். சைபீரியாவில் ஒரு மரப்பாலம் உடைந்து கார் உள்ளே விழுந்தது. தண்டவாளத் தொழிலாளர்கள் தூக்கி நிறுத்தினார்கள். சக்கரம் நொறுங்கியபோது ஒரு ரஷ்யக் கிராமத்துக் கைவினைஞர் தன் கோடாலியைக் கொண்டு புதிதாகச் செய்து கொடுத்தார். மூன்று சக்கர வண்டியில் வந்த பிரெஞ்சுக்காரர்கள் இருவர் கோபி பாலைவனத்தில் பின்தங்கி, வண்டியைக் கைவிட்டு, அந்நிலத்து மக்களால் உயிர் பிழைத்தார்கள். இயந்திரத்தின் வெற்றி என்று நாம் படிப்பதில் பாதி, பெயர் தெரியாதவர்களின் தோள் வலிமை.

*

இந்த வரலாற்றில் பெயர் தெரியாதவர்களைத் தேடித் திரும்பிப் போன ஒருவரும் உண்டு. பிரிட்டிஷ் நடிகர் மைக்கேல் பேலின், பிபிசி தொலைக்காட்சிக்காக 1988இல் ஃபாக்கின் வழியில், விமானம் ஏறாமல் எண்பது நாளில் உலகைச் சுற்ற முயன்றார். துபாயிலிருந்து பம்பாய்க்கு ஒரு பாய்மரப் படகில் வந்தார். குஜராத்தின் மாண்ட்வியைச் சேர்ந்த மாலுமிகள் அதைச் செலுத்தினார்கள். பம்பாயிலிருந்து ரயிலில் நம் சென்னைக்கு, அன்றைய மதராஸுக்கு வந்து, துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பலில் ஏறிச் சிங்கப்பூர் சென்றார். எண்பது நாள் முடிவதற்குள் லண்டன் சேர்ந்துவிட்டார்.

அந்தத் தொடரில் பலரும் நினைவில் வைத்திருப்பது படகுப் பயணத்தைத்தான். அட்டவணையில் விரைந்துகொண்டிருந்த மனிதர் அங்கே வேறு வழியின்றி நின்றார். அலையும் காற்றும் அனுமதித்த வேகத்தில், மொழி தெரியாத மாலுமிகளோடு உண்டு உறங்கினார். இருபதாண்டு கழித்து, 2008இல் அவர் அந்த மாலுமிகளைத் தேடி மாண்ட்விக்கு வந்து சந்தித்தார். பந்தயம் முடிந்த பின் வழி காட்டியவர்களை நாடித் திரும்பிய பயணம் என்பதால் அந்தச் சந்திப்பு எனக்கு முதல் பயணத்தைவிடப் பெரியதாகத் தோன்றுகிறது.

*

'தி அமேஸிங் ரேஸ்' அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 2001 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. பெர்ட்ராம் வான் மன்ஸ்டரும் எலிஸ் டோகானியேரியும் உருவாக்கியது. தொகுப்பாளர் நியூசிலாந்தைச் சேர்ந்த ஃபில் கியோகன். முதல் பருவத்தில் இருவர் இருவராகப் பதினொரு அணிகள். உறையில் ஒரு குறிப்பு, கையில் அளவான பணம், தொலைபேசி கூடாது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு பணி. பெரும்பாலும் ஒவ்வொரு கட்டத்திலும் கடைசியாக வருபவர் வெளியேற வேண்டும். இறுதிப் பரிசு பத்து லட்சம் டாலர். சிறந்த மெய்நிகழ்வுப் போட்டிக்கான எம்மி விருதை 2003 முதல் 2009 வரை தொடர்ந்து ஏழு முறை அது பெற்றது.

தொடங்கிய ஆறாம் நாள் உலகம் மாறிவிட்டது. முதல் பருவம் அவ்வாண்டு மார்ச், ஏப்ரலில் படமாக்கப்பட்டது. ஆகவே அதில் நாம் காண்பது செப்டம்பர் 11க்கு முந்தைய விமான நிலையங்கள். கைப்பேசித் திரையில் வரைபடம் பார்ப்பவர் எவருமில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் யாரையாவது கேட்டாக வேண்டும். பொழுதுபோக்குக்காக எடுத்த காட்சி, அறியாமலே ஒரு காலத்தின் ஆவணமாகிவிட்டது.

நான் அதைப் பார்க்கத் தொடங்கியது ஏஎக்ஸ்என் அலைவரிசையில். அது இந்தியாவில் 2020இல் நின்றுபோனது. முனைவர் பட்ட ஆய்வில் இருந்த நாட்கள். வாடகை வீட்டில் நானும் அம்மாவும். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஓடுகிறார்கள், கேட்கிறார்கள், தவிக்கிறார்கள் என்பது புரிய மொழி எதற்கு?

2006இல் வந்த பத்தாவது பருவத்தில் போட்டி சென்னைக்கு வந்தது. அந்தப் பகுதி இங்கே ஒளிபரப்பான அன்று அம்மாவை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு உட்கார வைத்தேன். முதலைப் பண்ணையில் ஒரு முதலையை இடம் மாற்ற உதவுவது அல்லது வண்ணப் பொடியால் கோலம் போடுவது, இரண்டில் ஒன்றை அணிகள் செய்ய வேண்டும். நம் ஊர் உலகத் தொலைக்காட்சியில் வருகிறது என்ற பெருமிதத்தில் இருந்த எனக்குச் சற்று நேரத்தில் ஏதோ நெருடியது. எங்கள் வாசலில் அம்மா விடியலில் போடும் கோலத்துக்குக் கெடு இல்லை, முந்துவதற்கு ஆள் இல்லை. இங்கே அது கடக்க வேண்டிய ஒரு தடை. அவர்களுக்குச் சென்னை தெரியவில்லை, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. இத்தனை நாள் மற்ற நாட்டு ஊர்களை நான் எப்படிப் பார்த்தேன் என்பது அன்றுதான் உறைத்தது. அங்கும் யாரோ ஒருவர், இது எங்கள் ஊரே அல்லவே என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

அம்மா கோலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அணிகள் இறங்கி ஓடியதும் வண்டி நின்ற இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த டிரைவர் பாவம். ஏதாவது சாப்பிட்டானோ என்னமோ" என்றாள்.

அன்றிலிருந்து நானும் ஓட்டுநர்களைப் பார்க்கத் தொடங்கினேன். இந்தப் போட்டியில் ஓட்டத்தைவிட வாடகைக் கார்தான் பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது. வழி தெரிந்த ஓட்டுநர் கிடைத்தவர் முந்துகிறார், கிடைக்காதவர் ஊர் சுற்றுகிறார். தன் வேலையை விட்டுவிட்டுக் கூடவே நடந்து வந்து இடத்தைக் காட்டும் கடைக்காரர், பேருந்துக்குள் எழுந்து நின்று நிறுத்தம் வந்துவிட்டது என்று சைகை காட்டும் மூதாட்டி. பத்து லட்சம் டாலரில் இவர்களுக்கு ஒரு காசும் பங்கில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அந்த மனிதர்கள் இல்லாவிட்டால் நிகழ்ச்சி என்னவாகும் என்பதையும் பிற்பாடு பார்த்தோம். முப்பத்து மூன்றாவது பருவம் 2020 பிப்ரவரியில் பெருந்தொற்றால் பாதியில் நின்றது. 2021 செப்டம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. அணிகள் எல்லாவற்றையும் ஒரே தனி விமானத்தில் ஏற்றிச் சென்றார்கள். பாதுகாப்புக்கு வேறு வழியில்லை. ஆனால் விமான நிலையத்தில் முன்பின் தெரியாத ஊழியரிடம் மன்றாடி இருக்கை பெறும் காட்சிகள் போயின. வேகம் குறையவில்லை, பணிகள் குறையவில்லை. என்னவோ ஒன்று குறைந்தது. கேட்க வேண்டிய தேவை குறைந்ததுதான் அது என்று எனக்கு விளங்கச் சிறிது காலம் ஆயிற்று.

*

லண்டனில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி 2025இல் செய்தி அனுப்பினாள். "சார், நம்ம ஊர்லதான் முடியுது!" பிபிசியின் 'ரேஸ் அக்ராஸ் தி வேர்ல்ட்' போட்டியின் ஐந்தாவது பருவம் சீனப் பெருஞ்சுவரில் தொடங்கி, நேபாளம் கடந்து, கன்னியாகுமரியில் முடிந்தது. நான் வேலை பார்க்கும் கல்லூரியிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவு.

2019இல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை நடந்த முதல் பருவத்தோடு தொடங்கியது அந்நிகழ்ச்சி. இதில் அணிகள் விமானத்தைத் தேர்ந்துகொள்ள முடியாது. கைப்பேசி இல்லை, வங்கி அட்டை இல்லை. அந்தத் தொலைவுக்கான விமானக் கட்டணம் எவ்வளவோ அவ்வளவு பணம் மட்டும் கையில். தீர்ந்தால் வழியில் வேலை செய்து ஈட்டிக்கொள்ளலாம். பரிசு இருபதாயிரம் பவுன். ஃபாக் கட்டிய பந்தயமும் அதே இருபதாயிரம்தான். நூற்றைம்பது ஆண்டில் பணத்தின் மதிப்பு எவ்வளவோ வீழ்ந்துவிட்டது. ஆனால் ஃபாக்கிடம் யானை வாங்கப் பணம் இருந்தது. இவர்களிடம் இல்லை. ஆகவே இவர்கள் கேட்டாக வேண்டும். கேட்டபோதெல்லாம் யாரோ சொன்னார்கள். யாரோ சோறிட்டார்கள். யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள்.

அதைப் பார்த்தபோது மலைபடுகடாம் நினைவுக்கு வந்தது. நன்னனை நாடிச் செல்லும் கூத்தர் கூட்டத்துக்கு, எதிர்வந்தவன் கிட்டத்தட்ட அறுநூறு அடிகளில் வழி சொல்லும் பாட்டு அது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, வழுக்கும் பாறை எங்கே, எந்தக் குடியில் என்ன உணவு தருவார்கள் என்று ஒன்று விடாமல் சொல்கிறான். சிறுபாணாற்றுப்படையிலும் அப்படியே. கடற்கரையில் பரதவர், காட்டில் எயினர், வயலோரம் உழவர் என்று வழிநெடுக உணவிடுவோர் நிரையாக நிற்கிறார்கள். நாம் வள்ளலின் பெயரைப் பாடம் செய்கிறோம், பாடிய புலவரின் பெயரை ஒரு மதிப்பெண் வினாவாக வைக்கிறோம். பாட்டின் பெரும்பகுதியோ வழியும் வழியில் உள்ளோரும்தான். கடைசி வரிசை மாணவனுக்கு நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

வழி சொல்பவனும் ஒரு காலத்தில் வழி தெரியாமல் நின்றவன்தான். அவன் பரிசோடு திரும்புவதே வழியில் இருந்தவர்கள் சோறிட்டு அனுப்பியதால்தான். அவர்களுக்கு அவன் எதையும் திருப்பித் தர முடியாது. பானை நிறையச் சோறிட்டவள் பொற்பூவை வாங்கிக்கொள்ளவா போகிறாள்? ஆகவே எதிரே வருபவனுக்குத் தருகிறான். அந்தக் கடன் பின்னோக்கி அடைபடுவதில்லை, முன்னோக்கித்தான் அடைபடும். பந்தயத்துக்கு இது தெரியாது. பந்தயத்தில் முந்தியவன் உறையை மறைத்துக்கொண்டு ஓடியாக வேண்டும். அது விளையாட்டின் விதி, அதில் தவறில்லை. நான் இன்னமும் கைதட்டுகிறேன். ஆனால் அந்த விளையாட்டே, விதியை அறியாமல் சாலையோரம் நின்று வழி சொல்லும் ஆயிரம் பேரின் மேல்தான் ஓடுகிறது.

அந்த மாணவன் படிப்பை முடித்துப் போய்விட்டான். போன மாதம் வடசேரி பேருந்து நிலையத்தில் தற்செயலாகக் கண்டேன். சுற்றுலா வண்டி ஓட்டுகிறானாம். நான் அவனுடைய பழைய கேள்வியை நினைவுபடுத்தி விடை சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முதுகில் பை சுமந்த வெளிநாட்டு இணை ஒன்று எங்களிடம் வந்து கன்னியாகுமரி பேருந்து எங்கே நிற்கும் என்று கேட்டது. அவன் தன் வண்டியைக் காட்டவில்லை. ஒரு நிமிடம் பொறுங்க சார் என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவர்களோடு நடந்து போய்ப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தான்.

நான் சொல்ல நினைத்த விடையைச் சொல்லவில்லை.